எல்லையில் நிற்கும் லாரிக்கு யார் பொறுப்பு? மூன்று முதலமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தமிழ்நாடு, கர்நாடகம், கேரள மாநில முதலமைச்சர்களுக்கு வணக்கம்.

நான் சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறவன். சொந்தமாகவும் சில வண்டிகள் ஓடுகின்றன. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் டீசல் விலைக்கு அடுத்தபடி நாங்கள் பார்ப்பது கிருஷ்ணராஜசாகர் அணையின் நீர்மட்டம். விவசாயி மேட்டூரைப் பார்ப்பார். நாங்கள் அதற்கும் மேலே போய் மாண்டியா மாவட்டத்து அணையைப் பார்க்கிறோம். 124.80 அடியும் நிரம்பிவிட்டால் அந்த ஆண்டு பெங்களூரு ரூட்டில் நிம்மதி. ஆகஸ்ட் கடைசியிலும் அணை ஏறவில்லை என்றால், செப்டம்பரில் டிஎன் நம்பர் வண்டியை ஓசூருக்கு அடுத்த கர்நாடக எல்லையான அத்திப்பள்ளி தாண்டி அனுப்ப யோசிக்க வேண்டும். 1991, 2002, 2012, 2016, 2023 என்று காவிரி கொதித்த ஆண்டுகளை லாரிக்காரர்கள் மனப்பாடமாகச் சொல்வது இதனால்தான்.

இந்த மடல் யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைப் பற்றியது அல்ல. தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி என்று 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை முறைப்படி விட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது, நான் தமிழ்நாட்டுக்காரன். ஆனால் தண்ணீருக்காகச் சண்டை மூளும் நாளில் சாலையில் சரக்கோடு நிற்கும் வண்டியை யார் காப்பாற்றுவது? அதற்கு மூன்று அரசுகளிடமும் இன்றுவரை பதில் இல்லை.

2016 செப்டம்பர் 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் விநாடிக்கு 15,000 கனஅடி வீதம் பத்து நாள் தண்ணீர் விடச் சொன்னது. 9-ஆம் தேதி கர்நாடகத்தில் முழு அடைப்பு. 12-ஆம் தேதி நீதிமன்றம் அளவை 12,000 கனஅடியாகக் குறைத்து, கெடுவை மட்டும் 20-ஆம் தேதி வரை நீட்டியது. அன்று மதியத்துக்குள் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட லாரிகள் எரிய ஆரம்பித்துவிட்டன. ஒரே இடத்தில் நிறுத்தியிருந்த தனியார் பேருந்துகள் 40-க்கும் மேல் எரிந்து எலும்புக்கூடாக நின்ற படத்தை நாடே பார்த்தது. 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போட்டார்கள். அதெல்லாம் எரிந்து முடிந்த பிறகு.

அன்று சாயங்காலம் எங்கள் ஆபீசுக்கு வந்த போன்களில் பாதி ஒரே மாதிரி இருந்தன. "அண்ணா, ஓசூருக்கு இந்தப் பக்கமே நிக்கறனுங்க. இங்க ஒருத்தரு போலாம்ங்கறாரு, இன்னொருத்தரு போகாதீங்கறாரு. என்னங்ணா பண்றது?" ஏற்கெனவே உள்ளே போய்விட்ட டிரைவர்கள் வேறு மாதிரி பேசினார்கள். நம்பர் பிளேட் மேல் சேற்றைக் குழைத்துப் பூசியிருந்தார்கள். ஈரப் பேப்பரை ஒட்டியவர்களும் உண்டு. கேபினுக்குள் மடித்து வைத்திருந்த மஞ்சள் சிவப்புக் கன்னடக் கொடியை எடுத்துக் கண்ணாடியில் சொருகிக்கொண்டார்கள். அந்தக் கொடி எங்கள் வண்டிகளில் ஸ்டெப்னி போல எப்போதும் இருக்கும் சாமான். வண்டியின் நெற்றியில் நேஷனல் பர்மிட் என்று பெயின்ட் அடித்திருக்கிறது. அந்த எழுத்துக்காக வண்டிக்கு ஆண்டுக்கு 16,500 ரூபாய் கட்டுகிறோம். அன்று அந்த எழுத்தை யாரும் படிக்கவில்லை, டிஎன் என்ற இரண்டு எழுத்தைத்தான் படித்தார்கள்.

எனக்கு உறுத்துவது எரித்தவர்களைவிட வேறொன்று. பந்த் என்று அறிவித்ததும் இரண்டு மாநில அரசுகளும் முதலில் செய்யும் வேலை, தங்கள் பேருந்துகளை நிறுத்துவது. தமிழ்நாட்டு அரசுப் பேருந்து நம் பக்கத்து எல்லையான ஜூஜூவாடியோடு திரும்பிவிடும். 2023 செப்டம்பர் 26 பெங்களூரு பந்த்தின்போதும், 29 கர்நாடக பந்த்தின்போதும் இதையேதான் பார்த்தோம். பயணிகள் பையைத் தூக்கிக்கொண்டு எல்லையை நடந்தே கடந்தார்கள். ஆக, அந்தச் சாலையில் ஆபத்து இருப்பது அரசுக்கு முன்கூட்டியே தெரியும். தன் வண்டிக்கு ஆபத்து என்று தெரிந்து டிப்போவுக்கு அனுப்பத் தெரிந்த அரசுக்கு, அதே சாலையில் பின்னால் வரும் லாரிக்காரனுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஏன் தோன்றவில்லை? எங்களுக்கு டிப்போ கிடையாது. கிருஷ்ணகிரி டோலில் பாஸ்டேக் பணத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் திறந்துவிடுகிறார்கள். சூளகிரி தாண்டியதும்தான் வண்டிகள் வரிசையாக நிற்பது தெரிகிறது. அதற்குப் பிறகு திரும்பவும் வழியில்லை, நிற்கவும் இடமில்லை.

வேறு வழியாகப் போகலாமே என்பார்கள். திம்பம் மலைப்பாதையில் இரவில் சரக்கு வண்டிக்குத் தடை, பெரிய வண்டிகளுக்குப் பகலிலும் அனுமதி இல்லை. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடல். மிச்சம் இருப்பது சித்தூர், கடப்பா, கர்நூல் என்று ஆந்திராவைச் சுற்றுவது. புனே லோடு எடுத்தவன் அப்படிச் சுற்றினால் அந்த டிரிப்பில் மிஞ்சுவது டிரைவர் படிக்குக்கூடக் காணாது. கூடுதல் டீசலைச் சரக்கு அனுப்பியவர் தரமாட்டார். வண்டி நின்ற நாளுக்கு ஹால்டிங் கூலி கேட்டால், "மழைக்கும் பந்த்துக்குமெல்லாம் ஹால்டிங் கிடையாதுங்க" என்பார். அவர் சொல்வதிலும் தப்பில்லை, பந்த்தை அவரா அறிவித்தார்?

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்றும் சொல்வார்கள். முழு பாலிசி போட்ட வண்டி கலவரத்தில் எரிந்தால் தேய்மானம் கழித்த மதிப்பு கிடைக்கும். பழைய வண்டிக்குத் தேர்டு பார்ட்டி மட்டும் கட்டியிருப்பவருக்கு ஒரு பைசா வராது. எங்கள் ஊரில் ஒற்றை வண்டி வைத்துத் தானே ஓட்டுகிறவர்கள் பலர் அந்த ரகம். சரக்குக்கோ, வேலைநிறுத்தம், கலவரத்துக்கான பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்திருந்தால்தான் கதை நடக்கும். வண்டி நின்ற நாளுக்கான வருமானத்தை எந்தப் பாலிசியும் தராது. ஃபைனான்ஸ் கம்பெனிக்கு 5-ஆம் தேதி என்றால் 5-ஆம் தேதிதான்.

இதற்கு மேல் இ-வே பில், அதாவது சரக்கோடு கூடவே போக வேண்டிய ஜிஎஸ்டி ஆன்லைன் சீட்டு. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இது கட்டாயம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்கு ஆயுள். ஓசூரில் இரண்டு நாள் நின்றால் பில் செத்துப்போகும். ஆயுள் முடிவதற்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டிக்கலாம். நீட்டிக்கும்போது காரணம் கேட்கும் பெட்டியில் இயற்கைப் பேரிடர், விபத்து என்பவற்றோடு சட்டம் ஒழுங்கு என்றும் ஒரு வரி இருக்கிறது. ஆக, சட்டம் ஒழுங்கு கெட்டால் லாரி நிற்கும் என்று வரித் துறைக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் நடுராத்திரியில் அந்தப் பெட்டியைத் திறந்து டிக் அடிக்க வேண்டியது புக்கிங் ஆபீஸ்காரன். தவறினால் சரக்கின் வரியைப்போல் இரண்டு மடங்கு அபராதம் கேட்க ஜிஎஸ்டி சட்டத்தின் 129-ஆவது பிரிவு இருக்கிறது.

இது வெறும் பயம் அல்ல. 2020 ஜனவரியில் ஐதராபாத்தில் ஒரு காகித வியாபாரியின் சரக்கு, போராட்டத்தால் போக்குவரத்து முடங்கி நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. பில் காலாவதி ஆகிவிட்டது என்று வண்டியைப் பிடித்து வரியும் அபராதமுமாக 69,000 ரூபாய் வாங்கினார்கள். வியாபாரி வழக்குப் போட்டு ஜெயித்தார். துறை மேல்முறையீட்டுக்குப் போனபோது 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியதோடு, உயர் நீதிமன்றம் விதித்த 10,000 ரூபாய்க்கு மேல் இன்னும் 59,000 ரூபாய் செலவுத்தொகையாகக் கட்டச் சொன்னது. சாலை அடைபட்டதற்கு வியாபாரி பொறுப்பில்லை என்பதை நிலைநாட்ட இரண்டு வருடமும் டெல்லி வரை ஒரு வழக்கும் தேவைப்பட்டது. சங்ககிரி டிரைவர் எந்த டெல்லிக்குப் போவார்?

கர்நாடக முதலமைச்சர் அவர்களே, அத்திப்பள்ளியில் சாலை மூடினால் நிற்பது தமிழ்நாட்டுச் சரக்கு மட்டும்தான் என்று உங்கள் மாநிலத்தில் பந்த் அறிவிக்கிறவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பீன்யா தொழிற்பேட்டையில் செய்த இயந்திர பாகமும், பெங்களூரில் தைத்த சட்டையும் கன்டெய்னரில் ஏறிச் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கு வருகின்றன. கப்பலுக்கு கேட் மூடும் நேரம் என்று ஒன்று உண்டு. அந்த நேரத்துக்குள் கன்டெய்னர் துறைமுகத்துக்குள் நுழையாவிட்டால் கப்பல் காத்திருக்காது, அடுத்த கப்பல்தான். வெளிநாட்டில் சட்டை வாங்கும் கம்பெனிக்குக் காவிரி என்றால் என்னவென்று தெரியாது, தேதி மட்டும் தெரியும். தேதி தவறினால் விலையைக் குறைக்கச் சொல்வார்கள், இல்லையென்றால் ஏற்றுமதியாளர் செலவிலேயே விமானத்தில் அனுப்பச் சொல்வார்கள். அந்த நஷ்டம் பெங்களூரு முதலாளிக்கு, அவரிடம் வேலை செய்யும் கன்னடப் பெண்களுக்கு.

சமையல் எரிவாயுவும் அப்படித்தான். மங்களூரில் இருந்து உங்கள் மாவட்டங்களின் பாட்டிலிங் பிளான்ட்டுகளுக்குக் கேஸ் ஏற்றிவரும் டேங்கர்களில் டிஎன் 28, டிஎன் 88 என்று நாமக்கல் நம்பர் போட்டவை ஏராளம். கேஸ் டேங்கர் மேல் கல் எறிபவனுக்கு அதற்குள் என்ன இருக்கிறது என்பது தெரிகிறதா என்று ஒரு டேங்கர் டிரைவர் என்னிடம் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்களிடம் கேட்டு வைக்கிறேன்.

கேரள முதலமைச்சர் அவர்களே, உங்கள் எல்லையில் கதை வேறு, பாத்திரங்கள் ஒன்றுதான். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை பற்றிய பயம் தெருவுக்கு வந்தது. குமுளியில் சாலை அடைபட்டது. இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குத் தினமும் ஜீப்பில் போய்வந்த கம்பம் பள்ளத்தாக்குக் கூலிக்காரர்கள் அடிவாங்கித் திரும்பினார்கள். மண்டல காலம் வேறு, ஐயப்ப பக்தர்களின் வண்டிகளைச் சுற்றுவழியில் திருப்பிவிட்டார்கள். எங்கள் பக்கம் கம்பம், தேனி, கோவையில் மலையாளிகளின் கடைகளை உடைத்தார்கள். காய்கறி, முட்டை இரண்டுக்கும் உங்கள் மாநிலம் எங்களைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஏறும் காய்கறியில் பெரும் பங்கு உங்கள் ஊர்களுக்குத்தான் வருகிறது. எல்லை அடைபட்டால் இந்தப் பக்கம் வாங்க ஆளில்லாமல் விலை விழும், அந்தப் பக்கம் வரத்து இல்லாமல் விலை ஏறும். முட்டை லோடுக்கு நான் பொறுப்பேற்றால் எனக்குத் தூக்கம் போய்விடும். தக்காளி அதைவிட மோசம், வெயிலில் நின்ற வண்டியில் அடித்தட்டுப் பெட்டிகளில் இருந்து தண்ணீர் ஒழுக ஆரம்பித்தால் பிறகு அந்தச் சரக்கை எடை போட்டுப் பிரயோஜனம் இல்லை.

தமிழ்நாட்டு முதலமைச்சர் அவர்களே, பக்கத்து மாநிலத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போனால் இந்த மடலுக்கு மரியாதை இருக்காது. 2016-ல் ராமேசுவரத்தில் கர்நாடக வண்டிகளை அடித்தார்கள். சென்னையில் கன்னடர் நடத்தும் ஓட்டல் மீது பெட்ரோல் குண்டு வீசினார்கள். 2018 ஏப்ரல் 5-ல் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு இங்கே முழு அடைப்பு நடந்தபோது கர்நாடகப் பேருந்துகள் எல்லையிலேயே நின்றன. கேஏ நம்பர் லாரி டிரைவர் தர்மபுரிப் பக்கம் புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போனில் பேசியிருப்பதும், எங்கள் டிரைவர் பேசியது போலத்தான் இருந்திருக்கும். அவர் நம்பர் பிளேட்டுக்கும் சேறு வேண்டியிருந்திருக்கும்.

நமக்குச் சம்பந்தமே இல்லாத சண்டையிலும் மாட்டிக்கொள்கிறோம். 2022 டிசம்பர் 6-ல் பெலகாவி யாருக்கு என்ற மகாராஷ்டிர, கர்நாடகத் தகராறில் ஹிரேபாகேவாடி டோல்கேட் பக்கம் மகாராஷ்டிர லாரிகள் மேல் கல் விழுந்தது. மும்பை போகும் எங்கள் வண்டிகளுக்கும் அதே சாலைதான். வடகிழக்கில் 2021 ஜூலையில் அசாம், மிசோரம் காவல் படைகளே ஒன்றையொன்று சுட்டுக்கொண்டு அசாம் காவலர்கள் இறந்தார்கள். அசாம் எல்லை ஊரான லைலாப்பூரில் சாலை அடைபட்டு, மிசோரத்துக்கான லாரிகள் நாள்கணக்கில் நின்றன. 2020-ல் கொரோனா வந்தபோது கேரள எல்லையான தலப்பாடியில் கர்நாடகம் தேசிய நெடுஞ்சாலையின் குறுக்கே மண்ணைக் கொட்டியது. மங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காசர்கோடு நோயாளிகள் தவித்தார்கள். அந்தத் தடையை நீக்கச் சொல்லி ஏப்ரல் 1-ல் கேரள உயர் நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட வேண்டி வந்தது. ஒரு டிப்பர் மண் போதும் போலிருக்கிறது, ஒரு மாநிலத்தை மற்றொரு மாநிலத்திடம் இருந்து பிரித்துவிட.

சட்டத்தில் குறை இருக்கிறதா என்றால், எழுதி வைத்ததில் பெரிய குறை இல்லை. இந்தியா முழுவதும் வணிகமும் போக்குவரத்தும் தடையின்றி நடக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 301-ஆவது பிரிவு சொல்கிறது. கட்டாயப்படுத்தி நடத்தும் பந்த் சட்டவிரோதம் என்று 1997-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது, அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. போராட்டத்தில் சொத்து சேதமானால் சேதம் செய்தவர்களோடு அழைப்பு விடுத்தவர்களும் நஷ்டஈடு தர வேண்டும், கணக்கெடுக்க ஆணையர் ஒருவரை நியமிக்கலாம் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. இவ்வளவும் ஏட்டில் இருக்கிறது. வண்டி எரிந்தவர் எந்த ஆபீஸ் படியேறி, எந்த ஜன்னலில் மனுக் கொடுப்பது என்பதுதான் எங்கும் இல்லை.

301 முதல் 304 வரையுள்ள பிரிவுகளை நடைமுறைப்படுத்த ஓர் அமைப்பை ஏற்படுத்தலாம் என்று 307-ஆவது பிரிவு சொல்கிறது. அது இன்றுவரை அமைக்கப்படவே இல்லை. மத்திய, மாநில உறவுகளை ஆராய்ந்த பூஞ்சி ஆணையமும் இதைப் பரிந்துரைத்தது. தண்ணீருக்கு நடுவர் மன்றம், மேலாண்மை ஆணையம், ஒழுங்காற்றுக் குழு எல்லாம் வந்துவிட்டன. அந்தத் தண்ணீருக்காக நிற்கும் சரக்கு வண்டிக்கு ஒரு குமாஸ்தா கூட இல்லை.

2017-ல் ஜிஎஸ்டி வந்து விற்பனை வரிச் செக்போஸ்ட்டுகளை எடுத்ததும், கோவையைத் தாண்டிய கேரள எல்லையான வாளையாரில் மைல்கணக்கில் நின்ற வரிசை காணாமல் போனதை நாங்கள் நன்றியோடு நினைக்கிறோம். நினைத்தால் அரசால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. (ஆர்டிஓ செக்போஸ்ட் மாமூல் பற்றித் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும், அதை இங்கே கலக்கவில்லை.)

தென் மண்டலக் கவுன்சில் கூடும்போது மூன்று மாநிலங்களும் ஒரே மேசையில் உட்காருகிறீர்கள். காவிரியையும் பெரியாற்றையும் அங்கே பேசுங்கள், பேசாமல் போங்கள், அது உங்கள் பாடு. சரக்கு வண்டியைத் தனியாக எடுத்துப் பேசுங்கள். பந்த் என்று தெரிந்த உடனே, அரசுப் பேருந்தை நிறுத்தும் அதே உத்தரவில் லாரிக்கும் ஒரு வரி சேர்க்கலாம். வண்டியை எல்லையில் நிறுத்தாமல் கிருஷ்ணகிரியிலும், அந்தப் பக்கம் தும்கூரிலும், தண்ணீரும் கக்கூசும் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்தச் சொல்லலாம். டோல்கேட் போர்டில் அதை எழுதிப் போடலாம். மருந்து, கேஸ், பால், காய்கறி, துறைமுகக் கன்டெய்னர் ஆகியவற்றை இரவில் போலீஸ் வண்டி முன்னும் பின்னும் போக, கூட்டமாகக் கடத்திவிடலாம். எல்லைக்கு இரு புறமும் உள்ள மாவட்டக் காவல் துறைகள் அன்றைக்காவது ஒரே கன்ட்ரோல் ரூமில் உட்காரலாம். சாலை மூடப்பட்டதாக அரசே சொல்லும் நாட்களுக்கு இ-வே பில் தானாக நீளும்படி ஜிஎஸ்டி கவுன்சிலில் மூன்று பேரும் சேர்ந்து கேட்டால் மறுக்க யாரும் இல்லை. எரிந்த வண்டிக்கு முதலில் அரசு கொடுத்துவிட்டு, அழைப்பு விடுத்தவர்களிடம் பிறகு வசூலித்துக்கொள்ளட்டும். வழக்கு நடத்தும் தெம்பு அரசுக்கு இருக்கிறது, ஒற்றை வண்டிக்காரருக்கு இல்லை.

இதில் எதற்கும் உடனே கோப்பு நகராது என்பது எனக்குத் தெரியும். அதனால் சின்னதாக ஒன்று கேட்டு முடிக்கிறேன். ஜூஜூவாடி, அத்திப்பள்ளி, வாளையார், குமுளி நான்கு இடத்திலும், கேபினில் இருந்தே டிரைவர் படிக்கும் உயரத்தில், தமிழ், கன்னடம், மலையாளம், இந்தியில் ஒரு போன் நம்பர் எழுதி வையுங்கள். சாலை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா, எங்கே நிற்கலாம் என்று நடுராத்திரியிலும் எடுத்துச் சொல்லும் நம்பராக அது இருக்க வேண்டும். பலகைக்கும் பெயின்டர் கூலிக்கும் நிதி ஒதுக்கீடு தாமதமாகும் என்றால் சொல்லி அனுப்புங்கள், எங்கள் ஊர் பாடி கட்டும் பட்டறைகளிலேயே எழுதி, அந்தப் பக்கம் லோடு போகும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம்.

இப்படிக்கு,
லாரி புக்கிங் ஆபீஸ்காரர் ஒருவர்,
சங்ககிரி, சேலம் மாவட்டம்.